பாட்டிலில் விழுந்த மருந்து

அத்தியாயம் 11

பிலோமி வீட்டில் சண்டைக்கு ஒரு முறை உண்டு. அண்ணனும் தங்கையும் முறைத்துக்கொண்டால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சண்டையை நிறுத்தமாட்டார்கள். எல்லாம் அம்மா வழியாகப் போகும்.

“யம்மா, உம் பொண்ணாண்ட சொல்லு, என் துணியத் தொட வாணாம்னு.”

“யம்மா, உம் புள்ளையாண்ட சொல்லு, அந்த டீசல் துணியத் தொட எனக்கு இன்னா வேண்டுதலான்னு.”

இருவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். பிலோமி வாயே திறக்கவேண்டியதில்லை. திறந்தால் அவளுக்கும் விழும்.

இந்த முறை சண்டை துணிக்காக இல்லை. அப்பாவின் நெஞ்சுக்காக.

அருள்பிரகாசம் திருவொற்றியூரில் ஓர் உர ஷெட்டில் வேலை செய்கிறவர். கப்பலில் வந்து குவியும் உரத்தை அங்கே மூட்டையாக்குவார்கள். மூட்டையின் வாயைத் தைக்கிற மெஷின் அவருடையது. முதலில் காய்ச்சல், பிறகு இருமல், பிறகு மூச்சை இழுத்தால் விலாவில் குத்து. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது வலது நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்திருந்தது. விலாவில் துளை போட்டுக் குழாய் விட்டார்கள். கொஞ்சம் வடிந்தது, நின்றுவிட்டது.

“உள்ள தேன்கூடு மாதிரி அறை அறையா கட்டிப் போச்சு. குழாய் ஒரு அறையிலதான் நிக்குது. மத்த அறைச் சீழ் வெளிய வர வழி இல்ல” என்றார் டாக்டர் எழில்மொழி.

மார்பைத் திறந்து வழித்து எடுக்கலாம். ஆனால் அருள்பிரகாசத்தின் இதயம் அந்த மயக்கத்தைத் தாங்காது என்று மயக்க மருந்து டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மிச்சம் இருந்தது ஒரு சோதனை. அந்த அறைச் சுவர்களைக் கரைக்கிற மருந்தைக் குழாய் வழியாகவே உள்ளே செலுத்துவது. மருந்து ஏற்கனவே இருப்பதுதான். அளவுதான் கேள்வி. வழக்கமான அளவு வேண்டுமா, அதைவிடக் குறைவே போதுமா என்று பார்க்கிறார்கள். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். செலுத்துகிற டாக்டருக்கும் தெரியாது.

போன வாரம் அருள்பிரகாசம் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக மகள் ஹில்டா போட்டாள். மகன் ஜெரியைக் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. காசிமேட்டுக்கு வெளியே கடலில் நின்றுபோன ஒரு மீன்பிடி லாஞ்சின் இஞ்சினோடு அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கரைக்கு வந்து விஷயம் தெரிந்ததும் வார்டு வாசலிலேயே ஆரம்பித்தான்.

“ராயபுரத்துக்காரனுக்கு அர டோஸு. காசுள்ளவன் கெடந்தா ஃபுல் டோஸு. யம்மா, உம் பொண்ணாண்ட கேளு, ஊர்ல எலி கெடைக்கலன்னா நம்ம நைனாவக் குடுத்தான்னு.”

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

அவன் சொன்னதை முழு முட்டாள்தனம் என்று தள்ளமுடியவில்லை என்பதுதான் ஹில்டாவுக்குப் பெரிய எரிச்சல். நகரத்தில் வேறு எங்கும் வைக்க இடமில்லாததை எல்லாம் இந்த ராயபுரம் பக்கம்தான் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். சாம்பல், புகை, கடலில் மிதக்கும் எண்ணெய். மருந்து மட்டும் நல்ல எண்ணத்தோடு வருமா என்று இங்கே பிறந்த ஒருவன் கேட்டால், அவனை அறைய முடியாது. ஆனால் அவனிடம் வேறு வழியும் இல்லை. வேறு வழி இல்லாதவன் கத்துவது போல எரிச்சல் தருவது எதுவும் இல்லை.

*

நேற்று இரண்டு முறை மருந்து போனது; ஜெரி இரண்டுக்கும் பக்கத்தில் இல்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலில் மஞ்சளாக, கெட்டியாகச் சீழ் இறங்கியிருந்தது. வார்டே மூக்கைப் பிடித்தது. ஹில்டாவுக்கு மட்டும் அந்த நாற்றம் பிடித்திருந்தது.

இன்று காலை மூன்றாவது முறை. எழில்மொழி மருந்தைச் செலுத்தி முடித்து, குழாயின் நடுவில் ஒரு நீலக் கிளிப்பை அழுத்தி மூடினார்.

“மருந்து உள்ள ஒரு மணி நேரம் நிக்கணும். நான் வந்து திறப்பேன். இல்லைன்னா சிஸ்டர் ரோஸ்மேரி. வேற யாரும் தொடக் கூடாது. வலி வரும். வந்தா சொல்லுங்க.”

“வந்தா நான் சொல்லத் தேவயில்ல டாக்டரம்மா. தெரு முனை வரைக்கும் கேக்கும்” என்றார் அருள்பிரகாசம்.

ஹில்டா பழைய ஸ்கேன் படத்தை வாங்கிவர அடுத்த கட்டடத்துக்குப் போகவேண்டியிருந்தது. வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தே எவ்வளவு நேரமாகும் என்று சொல்லிவிடுவாள். இன்றைக்கு நேரமாகும். கிளம்பும்போது அம்மாவை ஜன்னல் ஓரம் இழுத்தாள்.

“உம் புள்ள வருவான். குழாய்ல கை வெக்கக் கூடாதுன்னு சொல்லு. டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத. நான் சொன்னேன்னா வேணும்னே தொடுவான்.”

பிலோமி தலையாட்டினாள்.

ஜெரி வந்தான். கையில் கிரீஸ், கண்ணில் தூக்கமின்மை. வந்ததும் கேட்டான்: “உம் பொண்ணு எங்க? இன்னும் எதுனா கையெழுத்து போடப் போயிருக்காளா?”

பிலோமி அவனைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் அப்போதுதான் கண்ணை மூடியிருந்தார். டாக்டர் என்ற வார்த்தையை எடுத்தால் இவன் அரை டோஸ் கதையை ஆரம்பிப்பான். அந்த மனுஷன் விழித்துக்கொள்வார். கொஞ்சம் உட்காரட்டும், ஆறட்டும், பிறகு சொல்லலாம்.

“குந்துடா. டீ வாங்கியாறேன்” என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் படி இறங்கியிருக்கமாட்டாள், அருள்பிரகாசம் முனகினார்.

“இன்னா நைனா?”

“குத்துது. உள்ளருந்து எவனோ கட்டையால முட்றான்.”

லாஞ்ச் இஞ்சின் பழகியவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. இஞ்சின் சத்தத்தை அப்புறம்தான் கேட்பான். முதலில் படகின் பக்கவாட்டைப் பார்ப்பான். இஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் அங்கே ஒரு துளை வழியாகப் பீச்சிக்கொண்டே இருக்கவேண்டும். நின்றால் எங்கோ வழி அடைத்துவிட்டது என்று அர்த்தம். யோசிக்கிற நேரத்தில் இஞ்சின் உருகிவிடும். யோசிக்காமல் அடைப்பைத் திறப்பவன்தான் நல்ல மெக்கானிக். ஜெரி நல்ல மெக்கானிக்.

அவன் பாட்டிலைப் பார்த்தான்.

குழாய் விட்ட முதல் நாளே சிஸ்டர் ரோஸ்மேரி அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்பா மூச்சு விடும்போது பாட்டிலுக்குள் இருக்கும் குழாயில் தண்ணீர் ஏறி இறங்கவேண்டும். ஆடாவிட்டால் உடனே கூப்பிடவேண்டும். அன்றிலிருந்து அவன் அப்பாவின் முகத்தைவிட அந்தத் தண்ணீரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறான்.

தண்ணீர் ஆடவில்லை.

“சிஸ்டர்!”

ரோஸ்மேரி வார்டின் அந்தக் கோடியில் இருந்தார். வலிப்பு வந்த ஒருவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்க, அவர் ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தார். அத்தனை கட்டில்களுக்கும் அவர் ஒருவர்தான்.

“இருப்பா, வரேன்!”

“தண்ணி ஆடல சிஸ்டர்!”

“வரேன்னு சொன்னேன் இல்ல!”

அருள்பிரகாசம் படுக்கை விரிப்பைக் கசக்கினார். ஜெரி பாட்டிலிலிருந்து மேலே, குழாயோடு விரலை ஓட்டிக்கொண்டு போனான். நடுவில் நீலக் கிளிப். மூடியிருந்தது.

“தூ. வழியையே மூடி வெச்சிட்டுப் போயிருக்கானுங்க.”

திறந்தான்.

கலங்கலாக, சற்றே சிவந்த தண்ணீர் சரசரவென்று பாட்டிலில் இறங்கியது. பாட்டிலின் தண்ணீர் மறுபடி ஆட ஆரம்பித்தது. அருள்பிரகாசம் நீளமாக மூச்சு விட்டார்.

“இப்ப எப்டி கீது?”

“தேவல.”

பிலோமி டீயோடு வந்தபோது ஜெரி ஒரு லாஞ்சையே கரைக்கு இழுத்து வந்தவன் மாதிரி நின்றான். “யம்மா, இவனுங்க படிச்ச லட்சணத்தப் பாத்தியா? குழாய மூடி வெச்சிட்டு எவனோ டீ குடிக்கப் போய்ட்டான். நான் மட்டும் வரலன்னா நைனா இன்னேரம் காலி.”

பிலோமி பாட்டிலைப் பார்த்தாள். பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். 

*

ஸ்கேன் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த ஹில்டா, ஒரு மணி நேரம் ஆகும் முன்பே பாட்டிலில் தண்ணீர் இறங்கியிருப்பதைப் பார்த்து, கட்டிலுக்குப் பத்தடி முன்பாகவே நின்றுவிட்டாள்.

“யம்மா. யாரு தொறந்தது?”

பிலோமி சுவரைப் பார்த்தாள்.

“யம்மா, உம் பொண்ணாண்ட சொல்லு, நான்தான் தொறந்தேன்னு. இன்னா பண்ணுவாளாம்?”

ஸ்கேன் படம் கட்டிலில் வந்து விழுந்தது.

“டேய் ஜெரி!”

அண்ணன் என்ற மரியாதை போனது. அம்மா வழியாகப் பேசுகிற முறையும் போனது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

“அது மருந்துடா! உள்ள நிக்கணும்னு மூடி வெச்சது! நைனாவுக்குப் போட்ட மருந்து அத்தினியும் அந்த பாட்டில்ல கெடக்குது, பாரு. குனிஞ்சு பாரு!”

ஜெரி குனியவில்லை. முகம் மட்டும் மாறியது.

“எனக்கு எவன் சொன்னான்?”

“அம்மாவாண்ட சொல்லிட்டுத்தானே போனேன்.”

இருவரும் பிலோமியைப் பார்த்தார்கள். இருவரும் ஒரே சமயத்தில் அவளைப் பார்ப்பது இந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

“இன்னா மொறைக்கறீங்க?” பிலோமியின் குரல் மெதுவாகத்தான் கிளம்பியது. “சொல்லல. ஆமா, சொல்லல. இவன் வந்ததும் சொன்னா இவன் கத்துவான். அந்த மனுஷன் இப்பதான் கண்ண மூடினாரு. ஆறட்டும், அப்பறம் சொல்லலாம்னு போனேன். நான் இன்னா போஸ்ட்டாபீஸா? வாரம் பூரா இவ துப்பறத அவனுக்கும் அவன் துப்பறத இவளுக்கும் ஏந்தினு கீறேன். ஒரே வயித்துல பொறந்ததுங்க, நேரா நாலு வார்த்த பேச வக்கில்ல. இப்ப எங்கிட்ட கணக்கு கேக்க வந்துட்டீங்க!”

“மூணு பேரும் வராண்டாவுல போயி கத்துங்க. இங்க சீக்காளிங்க படுத்துகினு கீறோம்” என்றார் அருள்பிரகாசம் கண்ணைத் திறக்காமல்.

வராண்டாவில் பிலோமியின் கோபம் பயமாக மாறியிருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டரம்மாவாண்ட சொல்லாதடி. கிளிப்ப திரும்ப மூடிருவோம். சோதனைலருந்து தூக்கிட்டாங்கன்னா இன்னா பண்றது?”

அது ஹில்டாவுக்கும் தோன்றாமல் இல்லை. தோன்றியதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

“சொல்லலன்னா மருந்து வேல செய்யலன்னு நெனப்பாங்கம்மா. அப்பறம் கத்திதான். கத்தி வெச்சா நைனா தாங்க மாட்டாரு. எப்டிப் பாத்தாலும்...”

முடிக்கவில்லை. ஜெரி அங்கே இல்லை. டாக்டர் அறைக் கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது.

*

தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறவன் தலைகுனிந்துதான் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஜெரி கத்திக்கொண்டேதான் போனான்.

“அந்தக் கிளிப்பு மேல ஒரு சீட்டு ஒட்ட உங்களுக்கு கை வலிக்குதா? மூடி வெச்சதா, மறந்து வெச்சதான்னு எங்களுக்கு எப்டி தெரியும்?”

எழில்மொழி நாற்காலியிலிருந்து எழுந்தார். “யார் திறந்தது?”

“நான்தான்.”

“எப்ப?”

“நீங்க போட்ட கொஞ்ச நேரத்துலயே இருக்கும். நைனா துடிச்சாரு. தண்ணி ஆடல. சிஸ்டரக் கூப்ட்டேன், வர முடியல. தொறந்தேன்.”

 எழில்மொழி மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மூடி, வைத்தார். முப்பதைத் தாண்டியிருக்கமாட்டார். கண்ணுக்குக் கீழே ஜெரிக்கு இருந்த அதே கருவளையம்.

“வார்டுக்கு ரெண்டு சிஸ்டர் வேணும்னு நான் கேட்டு கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. சீட்டு ஒட்டாதது என் தப்பு. திறந்தது உங்க தப்பு. ரெண்டையும் எழுதுவேன்.”

“எழுதிக்கங்க. இப்பவே இன்னொரு டோஸு போடுங்க.”

“முடியாது. எவ்வளவு உள்ள தங்கிச்சு, எவ்வளவு வெளிய வந்துச்சுன்னு தெரியாது. மேல மேல போட்டா நெஞ்சுக்குள்ள ரத்தம் கசியும். சாயங்காலம் அடுத்தது. நாளைக்குப் படம் எடுப்போம். உள்ள சீழ் குறையலைன்னா, முடியாதுன்னு சொன்ன மயக்க மருந்து டாக்டர்கிட்டத்தான் நான் மறுபடி போய் நிக்கணும்.”

“சோதனைலருந்து தூக்கிருவீங்களா?”

“எதுக்கு? நடந்ததை மறைச்சாத்தான் இந்தச் சோதனை குப்பை. நடந்ததைச் சொல்லிட்டீங்க. உங்க அப்பாவுக்குப் போடறதை நிறுத்த மாட்டேன்.”

ஜெரி கதவைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே நின்றான். கேட்காமல் போகமுடியவில்லை.

“உங்க அப்பாவா இருந்தா, அர டோஸு சோதனைல சேப்பீங்களா?”

“சேர்ப்பேன்.”

“சொம்மா சொல்லாதீங்க.”

“ஜெரி, அதிகமா போட்டு ரத்தம் கசிஞ்சு ஒருத்தர் என் கண் முன்னாடி போயிருக்கார். கம்மியா போட்டு வேலை செய்யாம ஒருத்தர் போயிருக்கார். எது சரின்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்க அப்பாகிட்ட கையெழுத்து கேட்டிருக்கவே மாட்டேன். நேரா அதைப் போட்டிருப்பேன்.” அவர் குரலும் இப்போது உயர்ந்திருந்தது. “என் மேல கோவப்படறீங்க, சரி. உங்க அப்பாவ ஒரு கேள்வி கேளுங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டார்னு கேளுங்க. எடுத்த சீழை லேப்ல வெச்சா ஒரு கிருமிகூட வளர மாட்டேங்குது. யாரோ முன்னாடியே அரைகுறையா மருந்து கொடுத்திருக்காங்க. சீழைக் கரைக்கிறது ஒரு பக்கம். கிருமியைக் கொல்ல எந்த ஊசின்னு தெரியாம குத்துமதிப்பா போட்டுக்கிட்டு இருக்கேன். நான் கேட்டா, ஒண்ணும் சாப்பிடலைன்னு சொல்றார்.”

“எங்க நைனா பொய் சொல்ல மாட்டாரு.”

“எல்லாருக்கும் அவங்கவங்க நைனா அப்படித்தான்.”

*

சாயங்காலம் மருந்து உள்ளே போனது. கிளிப் மூடியது. கிளிப்பைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்திரி, அதன் மேல் ரோஸ்மேரியின் கையெழுத்தில் ‘திறக்காதே’. எழில்மொழி ஜெரியைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார்.

“நீங்களே உக்காருங்க.”

ஜெரி உட்கார்ந்தான். ஹில்டா கட்டிலின் கால்பக்கம் நின்றாள். பிலோமி ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். உர ஷெட்டின் மேஸ்திரி சண்முகவேல் நேற்று வந்து கொடுத்துவிட்டுப் போன ஆப்பிள். அருள்பிரகாசத்தை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்த ஒரே ஷெட்டுக்காரன் அவன்தான். பிலோமி அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

வலி ஆரம்பித்தது. வலிக்கு ஊசி போட்டும் முழுதாக அடங்கவில்லை.

“தொறடா.”

“மாட்டேன் நைனா.”

“காலைல தொறந்தியே.”

“காலைல நான் மடையன்.”

“இப்ப மட்டும் கலெக்டரா? தொறடா பேமானி. பெத்த அப்பன் துடிக்கறேன், குந்திக்கினு வேடிக்க பாக்கறான் பாரு.”

ஜெரி கிளிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டான். அப்பாவின் கை அதைத் தேடி வந்தது. விரலைப் பிரிக்கப் பார்த்தது. பலம் இல்லை. இருபது வருஷம் முன்பு அந்தக் கையால் ஓர் அறை வாங்கினால் காது அடைத்துப்போகும். ஜெரிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“நைனா, ஒண்ணு கேக்கறேன், பதிலு சொல்லு. சொன்னா வலி மறக்கும். இங்க வர்றதுக்கு முன்ன மாத்திர எதுனா தின்னியா?”

“இல்ல.”

“மாதா மேல சத்தியமா?”

அருள்பிரகாசம் வாயை மூடிக்கொண்டார். மாதா பேரில் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“யாரு குடுத்தது?”

“விடுடா.”

“யாரு நைனா?”

விலாவில் ஒரு குத்து வந்தது. அதோடு வார்த்தையும் வந்தது.

“சண்முகவேலு.”

பிலோமியின் கத்தி ஆப்பிளில் பாதி இறங்கி நின்றது.

“செவப்புல ஒண்ணு, வெள்ளையில ஒண்ணு. அட்டையிலருந்து பிச்சி கைல குடுப்பான். ரெண்டு நாளு முழுங்குவேன், காய்ச்சலு வுடும், மெஷின்ல குந்துவேன். மறுபடி வரும், மறுபடி குடுப்பான். லீவு கேட்டேன். கப்பலு காலியாவட்டும் அருளு, அப்பறம் ஆற அமர படுத்துக்கோன்னான்.” மூச்சு வாங்கினார். “நேத்து வந்து காதுல சொல்லிட்டுப் போனான். மாத்திர விஷயம் டாக்டருக்குப் போச்சுன்னா ஷெட்டுக்குப் பூட்டு, எல்லாம் நடுத்தெருவுலன்னான். கூட வேல செய்யற டில்லிபாபுவும் கிருஷ்ணப்பனும் பொழப்ப வுட்டுட்டு எங்க போவாங்க?”

“அவங்க எதுக்கு இதுல?” என்றாள் ஹில்டா.

“அவனுங்களும்தான் இருமிக்கினு கீறானுங்க. அவனுங்களுக்கும் அதே மாத்திரதான்.”



“இவன் குடுத்த ஆப்பிளையா நான் நறுக்கினு கீறேன்?” என்றாள் பிலோமி. தட்டோடு எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். தட்டையும் சேர்த்துப் போட்டாள்.

ஜெரி பாதி எழுந்துவிட்டான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். எழுவது, போவது, அடிப்பது. ஆனால் உள்ளங்கையைக் கிளிப்பிலிருந்து எடுத்த அதே நொடியில் அப்பாவின் விரல் அங்கே வந்தது. பிளாஸ்திரியைப் பிய்த்தது.

ஜெரி உட்கார்ந்தான். கையை மறுபடி வைத்தான்.

“வுடு நைனா. வுடு.”

ஹில்டா டாக்டர் அறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது மூச்சு இரைத்தது.

“மாத்திர பேரு வேணுமாம். செவப்பு வெள்ளைன்னு சொன்னா பத்தாதாம். அட்டை கெடைச்சா இன்னைக்கே ஊசிய மாத்திடுவேன்னு சொல்றாங்க. எந்தக் கிருமி அதுக்கு அசரலன்னு கண்டுபுடிக்க அதுதான் வழியாம்.” கைப்பையைத் தோளில் மாட்டினாள். “நைனா, டில்லிபாபு இப்ப எங்க இருப்பாரு?”

“ஷெட்டுல. ரெண்டாவது ஷிஃப்டு.”

“அவுரு பாக்கெட்டுல அட்டை இருக்குமா?”

“சண்முகவேலு அட்டைய கைல குடுக்க மாட்டான். ஒண்ணொண்ணா பிச்சித்தான் குடுப்பான். அட்டை அவங்கிட்டதான்.”

“ஹில்டா.” ஜெரி உட்கார்ந்தபடியே கூப்பிட்டான். “நான் வரேன். கொஞ்சம் பொறு. இது தொறக்கட்டும்.”

“நீ வந்தா அவன அடிப்ப. அடிச்சா அட்டை கெடைக்காது. நீ போலீஸு ஸ்டேஷன்ல குந்திக்கினு இருப்ப. டில்லிபாபு ராத்திரி இன்னொரு மாத்திர முழுங்குவாரு. நீ இங்க இரு.”

“அவன் ஒரு மாதிரிடீ.”

“நான் மட்டும் இன்னா ஒரே மாதிரியா?”

போய்விட்டாள்.

பிலோமியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள், திரையை மகனுக்குத் திருப்பிக் காட்டினாள். சண்முகவேல் அண்ணன்.

“எடுக்காத” என்றான் ஜெரி.

பிலோமி எடுத்தாள். அவள் முகத்தில் இருந்தது எதுவும் குரலில் இல்லை.

“ஆங், சொல்லுண்ணே. அவுரு நல்லா கீறாரு. தூங்கறாரு. ஆப்பிளா? சாப்ட்டாருண்ணே. நீ இப்ப எங்க கீற, ஷெட்டுலயா?”

மறுமுனையில் என்ன சொன்னான் என்று ஜெரிக்குக் கேட்கவில்லை.  பிலோமி போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

“கீழதான் கீறானாம். ஆஸ்பத்திரி வாசல்ல. டாக்டரம்மா மாத்திரய பத்தி கேட்டுகினு கீறாங்கன்னு வார்டுல எவனோ அவனுக்கு போன் பண்ணிட்டான் போல. மேல வரேன்னு சொல்றான். தனியா இல்லடா. கூட ரெண்டு பேரு கீறாங்களாம்.”

அந்தக் கட்டடத்தில் மேலே வரவும் கீழே போகவும் ஒரே படிக்கட்டுதான். ஹில்டா இறங்கி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஜெரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பாதி நேரம்கூடப் போகவில்லை. அப்பா அவன் மணிக்கட்டை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். அவன் கையை எடுக்கவில்லை.

“யம்மா, நீ போ” என்றான். “ஓடு.”

பிலோமி செருப்பைத் தேடவில்லை. ஆப்பிள் நறுக்கிய கத்தி கையில் இருப்பதுகூட அவளுக்கு நினைவில்லை. வெறுங்காலோடு வார்டின் நடுவில் ஓடினாள்.